பேரேடு பலரிடம்; ஆட்சி எவரிடம்?

வணிகக் குடும்பத்தாருக்குப் பேரேடு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்த ஏடு எவர் கையில் இருக்கிறதோ, அவரிடமே கடையின் ஆட்சியும் இருக்கும். அவ்வேட்டை ஒருவரிடமே விட்டுவையாமல், உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே படியாக எழுதி வைத்தால், எந்த வங்கியும் அரசும் அதைத் தன் விருப்பப்படி திருத்த இயலாது என்பதே கிரிப்டோ நாணயங்களின் அடிப்படைக் கருத்து. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயருடன் 2008 அக்டோபர் 31 ஆம் நாள் வெளிவந்த ஒன்பது பக்கக் கட்டுரை இதனை விளக்கியது. 2009 சனவரி 3 ஆம் நாள் பிட்காயின் தொடங்கியது. அதன்பின் தோன்றிய நாணயங்களுட் பல, 'அதிகாரப் பரவல்' என்னும் சொல்லையே தமக்குரிய சிறப்பாகக் கூறிக்கொண்டன.

சொல்லின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். ஏட்டின் படிகள் பலரிடம் இருத்தல் ஒன்று. ஏட்டின் விதிகளை மாற்றும் உரிமை பலரிடம் இருத்தல் மற்றொன்று. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதை 2020 ஆம் ஆண்டில் ஸ்டீம் என்னும் வலையமைப்பில் நிகழ்ந்த போராட்டம் காட்டிற்று.

ஸ்டீம் 2016 மார்ச்சுத் திங்களில் தொடங்கப்பெற்றது. கட்டுரைகள் எழுதுவோருக்கும், அவற்றைப் படித்து மதிப்பிடுவோருக்கும் நாணயம் வழங்கும் எழுத்து மேடை அது. அதன் ஏட்டில் பதிவுகளை ஏற்றும் பணி 'சாட்சிகள்' எனப்பட்டோரிடம் இருந்தது. இருபதின்மர் வாக்கினால் முதலிடங்களைப் பெறுவர். இருபத்தோராம் இடம் ஏனையோருக்குச் சுழற்சியில் வரும். விதியை மாற்றப் பதினெழுவரின் இசைவு வேண்டும்.

வாக்கு தலைக்கு ஒன்று அன்று. ஒருவர் பூட்டி வைத்த நாணயத்தின் அளவே அவரது வாக்கின் எடை. அவர் முப்பது சாட்சிகள் வரை வாக்களிக்கலாம். ஒவ்வொருவருக்கும் அந்த முழு எடையும் சேரும். இதன் விளைவு யாதெனில், நூற்றுக்கு நாற்பது பங்குடைய ஓரணியும் முப்பது பங்குடைய மற்றோரணியும் எதிர்நின்றால், இடங்கள் அவ்விகிதப்படி பகிரப்படமாட்டா. இருபதும் முதலணிக்கே சென்றுவிடும்.

பங்குக்கேற்ற வாக்கு என்பதற்கு ஒரு நியாயமும் கூறப்பட்டது. மிகுதியாக முதலிட்டவன் நாணயத்தின் மதிப்பைக் காப்பதில் மிகுதியான அக்கறை கொள்வான். பூட்டிய நாணயம் பதின்மூன்று வாரத் தவணைகளிலேயே மீளுமாதலால், தீங்கு செய்தால் அவன் பொருளே முதலில் அழியும். இதைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆயினும், வாக்களிப்பவனும் பொருளுக்கு உரியவனும் ஒருவனே என்னும் ஊகத்தின்மேல் நிற்கும் நியாயம் இது.

ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனம், தொடக்க நாட்களிலேயே பெருந்தொகையான நாணயத்தைத் தனக்கெனச் சேர்த்துக்கொண்டது. 2020 இல் அது மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதனை வளர்ச்சிப் பணிக்கே பயன்படுத்துவோம், சாட்சிகளைத் தேர்வதில் பயன்படுத்தோம் என்று நிறுவனத்தார் சொல்லி வந்தனர். சொல் இருந்தது, அச்சொல்லைக் காக்கும் விதி மென்பொருளில் இல்லை.

2020 பெப்ரவரி 14 ஆம் நாள், டிரான் நாணயத்தை நிறுவிய சஸ்டின் சன் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கிய செய்தி வெளியாயிற்று. வாக்குறுதி கொடுத்தவர் போய், கொடாதவர் உரிமையாளரானார். சாட்சிகள் அஞ்சினர். அத்திங்கள் முடியுமுன், நிறுவனத்தின் நாணயம் வாக்களிக்கவும் இடம்பெயரவும் இயலாதவாறு மென்பொருளை மாற்றி முடக்கினர். எவர் பொருளையும் எவரும் முடக்க இயலாது என்று புகழப்பட்ட ஏட்டில், இருபதின்மர் கூடி ஒருவர் பொருளை முடக்கியதை நாம் மறைத்துச் சொல்லலாகாது.

மார்ச்சு 2 ஆம் நாள் எதிரடி வந்தது. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று நாணய எக்ஸ்சேஞ்சுகளின் கணக்குகளில் இருந்த கோடிக்கணக்கான ஸ்டீம் பூட்டப்பட்டு, சன் தரப்புச் சாட்சிகளுக்கு வாக்காக அளிக்கப்பட்டது. முதலிருபது இடங்களும் ஒரே நாளில் கைமாறின, முடக்கமும் நீங்கிற்று. அந்த நாணயம் எக்ஸ்சேஞ்சுகளுக்கு உரியதன்று. வாங்கவும் விற்கவும் வாடிக்கையாளர் ஒப்படைத்த அமானிதம். உரியவரைக் கேளாமலே அது வாக்காயிற்று. பூட்டினால் உண்டாகும் இடரும் அவர்களுக்கே. மதிப்புக் குறைந்தால் நட்டம் ஒருவருக்கு, வாக்கின் பயன் வேறொருவருக்கு என்று ஆனபோது, மேற்சொன்ன நியாயம் தன் அடித்தளத்தை இழந்தது.

கண்டனம் எழவே பைனான்சும் ஹுவோபியும் தம் வாக்குகளைத் திரும்பப் பெற்றன. பழைய சாட்சிகள் சில இடங்களை மீட்டனர். எனினும் பதினெழுவர் என்னும் எண்ணிக்கை எத்தரப்பிலும் இல்லை. இந்நிலையில், மென்பொருளும் ஏடும் எல்லார்க்கும் திறந்திருந்தமையால், பழைய சாட்சிகளும் அவர்தம் ஆதரவாளரும் ஏட்டைப் படியெடுத்துக்கொண்டு வெளியேறினர். மார்ச்சு 20 ஆம் நாள் ஹைவ் என்னும் புதிய வலையமைப்பு பிறந்தது. ஸ்டீமில் இருந்த அளவுக்கு ஹைவ் நாணயம் கணக்காளர்க்கு வழங்கப்பட்டது. ஆனால் ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்குக்கும், சன் தரப்பை ஆதரித்த சில கணக்குகளுக்கும் அது மறுக்கப்பட்டது.

பழைய ஏட்டிலும் பழிவாங்கல் நிகழ்ந்தது. மே 20 ஆம் நாள் ஸ்டீமின் புதிய சாட்சிகள் விதியை மாற்றி, 64 கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 36 இலட்சம் ஸ்டீமைப் பறித்தனர். ஏட்டின் படிகள் அன்றும் பலரிடமே இருந்தன. அப்படிகள் எல்லாவற்றிலும் அப்பறிப்பு ஒழுங்காகப் பதிவாயிற்று என்பதே இவ்வரலாற்றின் கசப்பு.

ஹைவ் மக்கள் ஒரு பாடம் கற்றனர். 2020 அக்டோபரில் செய்த மாற்றத்தின்படி, புதிதாகப் பூட்டிய நாணயம் முப்பது நாள் கழிந்த பின்னரே சாட்சித் தேர்தலில் எடை பெறும். ஒரே நாளில் ஆட்சி பறிபோகாமல், எச்சரிக்கை அடைய அவகாசம் கிடைக்கிறது. ஆயினும் வாக்கு இன்னும் பங்கின் வழியே செல்கிறது.

எளியோர்க்கு இங்கு மெய்யாக வாய்த்த ஆற்றல் வாக்கன்று. ஏட்டுடன் வெளியேறும் உரிமையே. அதனைப் பயன்படுத்தியோரும் தமக்கு வேண்டாதோரை வெளியே நிறுத்தினர். ஆகவே, பரவிய அதிகாரம் என்று கூறி நம் பிள்ளைகளின் சேமிப்பைக் கேட்டு எவரேனும் வருவாராயின், கணிப்பொறிகள் எத்தனை என்று வினவுதல் போதாது. விதியை மாற்றுவோர் யாவர், அவர்களை அமர்த்தும் வாக்கு எவருடையது, நாம் ஒப்படைக்கும் பொருள் நம்மைக் கேளாமல் வாக்காகுமா என்று வினவவேண்டும். இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை பணப்பையைத் திறவாதிருப்பதே அறிவுடைமை.