குதிரைத் தடமும் மிதிவண்டியும்: கொடிமலைப் பாதைகளின் வரலாறு

மலாய் மொழியில் 'ஆயர்' என்பது நீர். 'ஈத்தாம்' என்பது கருமை. கருநீர் என்று தமிழில் சொல்லத்தக்க ஆயர் ஈத்தாம், பினாங்குத் தீவின் நடுவே எழுந்து நிற்கும் கருங்கல் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊராகும். ஊரின் பெயர் நீரைச் சொல்கிறது. ஊரின் வரலாறோ வழியைச் சொல்கிறது. பழந்தமிழில் 'ஆறு' என்னும் ஒரே சொல் நீரோடும் ஆற்றையும் மாந்தர் நடக்கும் வழியையும் குறித்து நின்றது. இத்தீவின் மலைகளைக் கண்டவர்க்கு அச்சொல்லின் பொருத்தம் எளிதில் விளங்கும். மழைநீர் இறங்குமிடமெல்லாம் மனிதனும் ஏற முயன்றிருக்கிறான். மனிதன் வெட்டிய வழியிலெல்லாம் மழைநீரும் இறங்க முயன்றிருக்கிறது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்காகக் கைக்கொண்டார். கடலோரச் சதுப்பில் எழுந்த ஜார்ஜ் டவுனில் காய்ச்சல் மிகுந்தது. குளிர்ந்த காற்றை நாடிய வெள்ளையர் மலையை நோக்கினர். லைட் 1788இலேயே காட்டினூடே வழி திறந்து, மேட்டில் ஸ்திராபெரிப் பழம் பயிரிட முனைந்தார் என்பர். அம்மேடு இன்றும் ஸ்திராபெரிக் குன்று என்றே வழங்குகிறது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறியது 1819இல் என்பதை நினைவிற் கொண்டால், உதகமண்டலம் உருவாகுமுன்னரே இங்கு ஒரு மலைவாழிடத்துக்கு வித்திடப்பட்டது என்பது புலனாகும். மலைமீது கொடிமரம் நாட்டப்பெற்று, துறைமுகத்தை நெருங்கும் கப்பல்களின் வரவு அறிவிக்கப்பட்டது. 'புக்கிட் பெண்டேரா' என்று மலாய்க்காரரும், கொடிமலை என்று தமிழரும் வழங்குவது இதனாலேயே.

முதலில் எழுந்தது குதிரைத் தடம். அது இன்றைய தாவரப் பூங்கா இருக்கும் அருவிப் பக்கத்திலிருந்து மேலேறியது; தமிழர் அவ்விடத்தைத் தண்ணீர்மலை என்பர். குதிரை செங்குத்தாக ஏறாது. ஆகவே தடமும் சரிவை நேரே கிழிக்காமல், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, வளைந்து வளைந்து ஏறிற்று. இந்த ஒரு செய்தி பின்னர் மிதிவண்டியின் கதையில் மீண்டும் வரும். குதிரை ஏறவியலாதவர்க்கு டோலி இருந்தது. நாற்காலியில் ஒருவர் அமர, மூங்கிலைத் தோளில் தாங்கிப் பலர் சுமந்தனர். அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும், அவர்களுடைய பெட்டிகளும், உணவும் எல்லாம் மனிதத் தோளிலேயே மேலேறின.

அத்தோள்கள் யாருடையவை? மலையுச்சியில் உள்ள அருளொளித் திருமுருகன் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குப் பணிபுரிந்த இந்தியச் சிப்பாய்களும் டோலி சுமந்தோரும் வழிபட்ட சிறு கோயிலாகத் தோன்றியது என்று அதன் வரலாறு கூறும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் பெருங்கூட்டம் திரளும் இத்தீவில், உச்சிமலை முருகனை நாடுவோர் சிலரே. ஆயினும் சுமை தூக்கியோர் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து அதுவே. தீவின் சாலைகளை அமைத்ததில் மற்றொரு கூட்டத்தாருக்கும் பங்குண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இங்குக் கொணரப்பட்டு, சாலை வெட்டவும் காடு திருத்தவும் ஏவப்பட்டனர். 1873இல் தான் நீரிணைக் குடியேற்றங்களில் அம்முறை முடிவுற்றது. மலையில் ஒரு பாதை மோனியோட் என்னும் நில அளவையாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மண்வெட்டி பிடித்தவன் பெயரைத் தாங்கிய பாதை எதுவும் இல்லை.

ஆயர் ஈத்தாமுக்கு ஏற்றம் வந்தது இரயிலால். 1890இல் தொடங்கிய கெக் லோக் சீ புத்தப் பெருங்கோயிலின் கட்டுமானமும், 1906இல் நகரிலிருந்து வந்த மின்டிராமும் ஊரை முன்னரே மக்கள் அறியச் செய்திருந்தன. மலையிரயில் அமைக்க நடந்த முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் முயற்சியில் பொறியாளர் ஆர்னால்ட் ஜான்சன் வென்றார். 1923ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் இரயில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது; 1924 சனவரி முதல் நாள் ஆளுநர் லாரன்ஸ் கில்லிமார்ட் முறைப்படி தொடங்கிவைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் இரயில் பற்சக்கரத்தைப் பற்றி ஏறுவது. இதுவோ கம்பிவடத்தால் இழுக்கப்படுவது. ஒரு பெட்டி இறங்கும்போது அதன் எடையே மற்றொரு பெட்டி ஏறத் துணையாகும். இடையில் இறங்கி வண்டி மாறி, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் உச்சியை அடைந்தனர். பழைய பெட்டிகள் 1977இல் மாற்றப்பட்டன. 2010இல் இவ்வமைப்பு முழுதும் நிறுத்தப்பெற்று, 2011இல் வண்டி மாறாமலே விரைந்தேறும் புதிய இரயில் வந்தது.

இரயில் ஒன்றைத் தந்து மற்றொன்றை எடுத்தது. மலையின் தலைவாயில் தண்ணீர்மலையிலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு மாறிற்று, டோலி மறைந்தது, குதிரைத் தடம் ஆளற்றுப் போயிற்று. ஆயினும் பாதைகள் அழியவில்லை. ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களுக்கென எழுந்த வழிகளும், காய்கறியும் பூவும் பயிரிடும் சீன உழவர்களின் ஒற்றையடிப் பாதைகளும் எஞ்சின. 1962இல் ஆயர் ஈத்தாம் நீர்த்தேக்கம் கட்டப்பட்டபின், அதற்கு ஏறும் வளைசாலையும், அப்பால் மலைமுகடு தாண்டிப் பாலேக் பூலாவ் பக்கம் இறங்கும் தோட்டப் பாதைகளும் சேர்ந்து ஒரு வலையாயின. இந்த வலையிற்றான் மலை மிதிவண்டி வந்து புகுந்தது.

அவ்வண்டி பிறந்த இடமும் ஒரு மலையே. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள தமல்பாய்ஸ் மலையில், காட்டுத்தீயை அணைக்கச் செல்வோர்க்கென வெட்டிய மண்சாலையில், இளைஞர் சிலர் பழைய கனத்த மிதிவண்டிகளை உருட்டி இறங்கலாயினர். அவர்களது புகழ்பெற்ற முதல் இறக்கப் பந்தயம் நடந்தது 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். பினாங்கு மலையிரயில் திறக்கப்பட்ட அதே நாள், 53 ஆண்டுகள் கழித்து! தமல்பாய்ஸிலும் முன்பு ஒரு மலையிரயில் ஓடி, 1930இல் நின்றுபோயிற்று என்பது மற்றோர் ஒற்றுமை. 1990இல் உலக வாகையர் போட்டியும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடமும் என, இருபதே ஆண்டுகளில் அவ்விளையாட்டு உலகளாவியது.

அவ்விளையாட்டுக்குப் பெயர்பெற்ற மற்றோர் இடம் யூட்டா மாநிலத்து மோவாப். செம்மணற்கல்லும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்த வறண்ட நிலம் அது. 1950களில் யுரேனியம் தேடியோர் அங்குப் பாறையெங்கும் சாலை வகுத்தனர். சுரங்கம் ஓய்ந்தபின் அச்சாலைகளை மிதிவண்டிக்காரர் தமதாக்கிக்கொண்டனர். அங்கே புகழ்பெற்ற பாறைத் தடங்கூட 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்கென வகுக்கப்பட்டதே. தீயணைக்கவும், தாது தேடவும், துரைமாரைச் சுமக்கவும் எழுந்த வழிகள் இறுதியில் விளையாட்டுக்கு வந்து சேர்ந்தன.

எனினும் மோவாப் வேறு, ஆயர் ஈத்தாம் வேறு. அங்கே மழை அரிது; பாறை திறந்து கிடக்கிறது. மணல்மீது நுண்ணுயிர் படர்ந்த மெல்லிய மேலோட்டைச் சக்கரம் உடைத்துவிட்டால் அது மீளப் பல்லாண்டுகள் ஆகும். ஆகவே பாறையைவிட்டு விலகாதே என்பதே அங்குள்ள கட்டளை. இங்கோ கருங்கல் மக்கிய மண் தடித்துக் கிடக்க, அதன்மேல் ஆண்டு முழுதும் மழை கொட்டுகிறது. சரிவில் நேரே இறங்கிய சக்கரத்தின் தடம் முதல் மழைக்கு வாய்க்காலாகும். அடுத்த பருவத்துக்குள் ஓடையாகும். மரவேர்கள் வெளிப்பட்டு, கரை இடிந்து, மண் நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கும். வளைந்து செல்லும் பழைய குதிரைத் தடத்தில் இந்தக் கேடு குறைவு. குதிரையின் இளைப்பை எண்ணி அமைத்த சரிவு, வேகத்தை அடக்கி ஓட்டும் மிதிவண்டிக்கும் ஏற்றதாகவே இருக்கிறது. புதிதாகக் குறுக்கு வழி வெட்டுவோர் இவ்வுண்மையை மறப்பதுதான் இன்றைய பூசலின் வேர். 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் அடித்த பெருமழையில் கொடிமலையின் பல இடங்களில் சரிவுகள் இடிந்து சாலைகள் அறுந்தன. அது மிதிவண்டியால் வந்ததன்று. அந்த மண் எவ்வளவு தளர்ந்தது என்பதை மட்டும் அது காட்டிற்று.

வழியின் இடரைச் சொல்லி வழிகாட்டும் மரபு தமிழுக்குப் புதிதன்று. 583 அடிகளையுடைய மலைபடுகடாம் முழுதும், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இயல்பு கூறும் ஆற்றுப்படையே. தமல்பாய்ஸில் நடப்போர்க்கும் ஓட்டுவோர்க்கும் மூண்ட பூசலால் குறுந்தடங்கள் மிதிவண்டிக்கு மூடப்பட்டன. அத்தகைய தடைகளை எதிர்கொள்ளவே 1988இல் கலிபோர்னியாக் கழகங்கள் கூடிப் பன்னாட்டுச் சங்கம் ஒன்றை அமைத்தன. தடம் பேணும் முறை, நீர் வடியும் சரிவு, யார் யாருக்கு வழிவிடுவது என்னும் ஒழுங்கு எல்லாம் அதன்பின் எழுதப்பட்டவை.

கொடிமலையைக் காக்க மக்கள் திரண்டதும் உண்டு. 1990இல் உச்சியில் பெருங்கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது, 'கொடிமலை நண்பர்கள்' என்னும் பொருள்படும் பெயரில் பல பொது அமைப்புகள் ஒன்றுகூடி எதிர்த்தன, திட்டம் கைவிடப்பட்டது. 2021 செப்டம்பர் 15ஆம் நாள் யுனெஸ்கோ, கடலையும் உள்ளிட்டு 12,481 எக்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 2024இல் தாவரப் பூங்காப் பக்கத்திலிருந்து உச்சிக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கும் பணி தொடங்கிற்று. 1923இல் ஆயர் ஈத்தாமுக்கு மாறிய மலைவாயில், நூறாண்டு கழித்து, குதிரைத் தடம் புறப்பட்ட தண்ணீர்மலைப் பக்கம் திரும்புகிறது. ஆயர் ஈத்தாமின் நீர்த்தேக்கச் சாலையிலோ, விடியற்காலையில் நடப்போரும், மிதிவண்டிக்காரரும், கீரைக்கூடை கட்டிய மோட்டார் சைக்கிளில் இறங்கும் உழவரும் ஒரே வளைவில் ஒதுங்கி ஒதுங்கிச் செல்கின்றனர்.