64 கிலோபைற் வானம்

நிலத்தில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழகலாம் என்ற எண்ணம் கணனியோடு பிறந்ததல்ல. அமெரிக்காவின் பிங்ஹம்ரன் நகரில் ஓர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், 1929இல், ஓர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே ஆடியசையும் ஒரு போலி விமானத்தைச் செய்தார். முதலில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் தபால் எடுத்துச் செல்லப் பணிக்கப்பட்ட அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் கடுங்காலநிலையில் விழுந்து இறந்தார்கள். அதன் பின்னரே இராணுவம் லிங்கிடம் ஆறு இயந்திரங்களை வாங்கியது. விளையாட்டுச் சாமான் போர்ப் பயிற்சிக் கருவியான கதை இது.

அது வீட்டு மேசைக்குத் திரும்பி வந்தது எழுபதுகளின் முடிவில்தான். இலினோய் பல்கலைக்கழக மாணவரான புரூஸ் ஆர்ட்விக், விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கணனியில் வரைவது பற்றி 1975இல் ஆய்வேடு எழுதினார். பின்னர் அவருடைய சப்லொஜிக் நிறுவனம் 1979-80 காலத்தில் அப்பிள் 2 கணனிக்கு முதலாவது பறப்பு விளையாட்டை வெளியிட்டது. அதன் உலகம் முழுவதும் 36 சதுரங்கள், சில மலைகள். 1982இல் மைக்ரோசொவ்ற் அதன் புதிய வடிவத்தை ஐபிஎம் கணனிக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்த இரண்டாம் பதிப்பு 1984இல் கொமடோர் 64ஐ எட்டியது.

அந்தக் கணனியின் மொத்த நினைவகம் 64 கிலோபைற். அதன் செயலி வினாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் துடிப்புகளில் இயங்குவது. அதற்குக் கூட்டக் கழிக்கத் தெரியும். பெருக்கவோ வகுக்கவோ கட்டளை கிடையாது. ஆனால் விமானம் சற்றுச் சரிந்தாலும் திரையில் உள்ள ஒவ்வொரு கோட்டின் முனையையும் பல தடவை பெருக்கி, வகுத்து இடம் மாற்றவேண்டும். ஒவ்வொரு பெருக்கலையும் பல கூட்டல்களாக உடைத்தே அது கணக்கை முடிக்கிறது. ஆகவே காட்சி ஓடுவதில்லை, துண்டு துண்டாகத் தாவுகிறது.

பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு கொமடோரில் நாம் இதை ஓட்டிப் பார்த்தோம். டிஸ்க்கிலிருந்து ஏறி முடியவே நிமிடங்கள் ஆகின்றன. ஜீ என்ற விசையைச் சுற்றியுள்ள நான்கு விசைகளே சுக்கான். சரித்ததை நேராக்குவது நடுவிலுள்ள ஜீ. ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். பொறுமையிழந்து மறுபடி அழுத்தினால் இரண்டும் சேர்ந்து விமானத்தைக் கவிழ்க்கும்.

இவ்வளவு சிறிய இடத்தில் எதை வைப்பது, எதை விடுவது? ஆர்ட்விக் வைத்தவை சிக்காகோ, நியூயோர்க்-பொஸ்ரன், லொஸ் ஏஞ்சல்ஸ், சியாற்றில் பகுதிகள். பின்னர் தனி டிஸ்க்குகளில் ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் வந்தன. இலங்கை வரவில்லை. அதே டிஸ்க்கில் முதலாம் உலகப் போர் விளையாட்டு ஒன்றும் உண்டு. ஒரு விசையைத் தட்டினால் போர்ப் பிரகடனம், இன்னொன்றைத் தட்டினால் குண்டு. கீழே எதிரியின் தொழிற்சாலைக்கும் எரிபொருள் கிடங்குக்கும் நினைவகத்தில் இடம் இருக்கிறது, மனிதருக்கு இல்லை. கிபிர் சத்தம் கேட்டு பங்கருக்குள் இறங்கிய தலைமுறைக்கு இது வெறும் நினைவகப் பற்றாக்குறையாகப் படுவதில்லை. மேலிருந்து பார்ப்பவனுக்குக் கீழே என்ன தெரியவேண்டும் என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறார்.

ஆனால் அதே தீர்மானம் சிலவற்றைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. விளையாட்டு தொடங்கும்போது விமானம் நிற்பது சிக்காகோ ஏரிக்கரையில் உள்ள மெய்க்ஸ் விமான நிலையத்தில். 1948இல் திறக்கப்பட்ட அந்தச் சிறிய நிலையத்தின் ஓடுபாதையை, 2003 மார்ச் 30 இரவு, நகரமேயர் றிச்சர்ட் டேலியின் உத்தரவுப்படி மண்வாரி இயந்திரங்கள் கிண்டிச் சிதைத்தன. இன்று அது பூங்கா. நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் 2001இல் வீழ்ந்தன. பழைய டிஸ்க்கைப் போட்டால் இரண்டும் அப்படியே நிற்கின்றன. சில கோடுகள்தாம், ஆனால் இடம் தவறாத கோடுகள்.

2020இல் வந்த மைக்ரோசொவ்ற் பதிப்பு செய்மதிப் படங்களைக் கொண்டு முழு உலகையும் காட்டுகிறது. அதில் யாழ்ப்பாணத்தின் மேலாலும் பறக்கலாம். ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் முடிந்த பின் எடுக்கப்பட்டவை. இடிந்த வீடுகளும் மூடப்பட்ட கிணறுகளும் தறிக்கப்பட்ட பனைகளும் அதில் இல்லை. மெய்க்ஸ் நிலைத்தது, அது இருந்த காலத்திலேயே ஒருவர் உட்கார்ந்து அதைக் கோடுகளாக எழுதி வைத்ததால். நம்முடைய ஒழுங்கைகளையும் சந்திகளையும் அப்படி எழுதியவர் மிகக் குறைவு. அவற்றின் வளைவுகளை மனத்தில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போவதற்கு எந்தக் கணனியும் வேண்டியதில்லை. தொடங்குவதற்கு 36 சதுரம் போதும்.