புறம்போக்கு: கணக்கில் கழித்த நிலத்தின் கதை

பட்டா நிலம் என்று யாரும் யாரையும் பாராட்டியதில்லை. ஆனால் ‘புறம்போக்கு’ என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவன், வீட்டுக்கு அடங்காதவன், யாருக்கும் பொறுப்பாக இல்லாதவன் எல்லோரும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். தெலுங்கிலும் இதே சொல் நிலத்துக்கும் ஆகிறது, வசவுக்கும் ஆகிறது. ஒரு கணக்குப்பிள்ளையின் சொல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

புறம் என்றால் வெளி. போக்கு என்றால் போனது. ஆகவே ஊருக்கு வெளியே கிடக்கும் நிலம் புறம்போக்கு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஊரின் நடுத்தெரு புறம்போக்கு. கோயிலை ஒட்டிய குளமும் சாவடியும் களமும் புறம்போக்கு. வீடுகள் நெருங்கி நிற்கும் நத்தமே கணக்கில் புறம்போக்குதான். இவையெல்லாம் ஊருக்கு வெளியே என்றால், ஊர் எங்கே இருக்கிறது?

விடை கணக்கு நோட்டில் இருக்கிறது. ‘செலவு போக மீதி’, ‘கழிவு போக நிகரம்’ என்கிறோமே, அந்தப் ‘போக’தான் இந்தப் ‘போக்கு’ என்பது என் கருத்து. ஊரின் மொத்தப் பரப்பை எழுதி, அதில் வரி கேட்க முடியாத இடங்களைக் கழித்து, மீதிக்குத் தீர்வை போடுவார்கள். அப்படிக் கழித்துத் தனியே வைத்தது புறம்போக்கு. அது ஊருக்குப் புறமல்ல, தீர்வைக்குப் புறம்.

இந்தக் கழித்தல் கணக்குக்கு ஆயிரம் வயது. முதலாம் இராசராசன் காலத்தில், 1001ஐ ஒட்டி, சோழ நாட்டு நிலம் வேலி, மா, முந்திரி என்று மிகச் சிறிய பின்னம் வரைக்கும் அளக்கப்பட்டது. அளந்த அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்ற பட்டமே உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் விவரம் அக்கோயில் கல்வெட்டுகளில் ஊர் ஊராக வருகிறது. ஒவ்வோர் ஊருக்கும் முதலில் அளந்தபடி மொத்த நிலம். பிறகு அதில் நீங்கும் நிலம். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்து ஓடும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளர் சேரி, சுடுகாடு. இவை போக மிஞ்சியதே வரி நிலம். சொல் வேறாக இருக்கலாம். பொருள் இன்றைய புறம்போக்கேதான்.

அந்தப் பட்டியலில் சேரியும் சுடுகாடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல் தாண்ட முடியவில்லை. நத்தமும் கோயிலும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன என்பதும் உண்மை. கணக்கெழுதியவன் வரி வராத இடங்களை வரிசையாக எழுதினான், அவ்வளவுதான். ஆனால் கோயிலில் இருந்தவர்களை யாரும் புறம்போக்கு என்று அழைக்கவில்லை. ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் குடிசை போட நேர்ந்தவர்கள்மீதுதான் அந்தச் சொல் போய் ஒட்டிக்கொண்டது. வசவு நிலத்திலிருந்து பிறந்ததென்பதைவிட, அந்த நிலத்தில் நிற்க நேர்ந்தவர்களைப் பற்றிய நினைப்பிலிருந்து பிறந்தது என்பதே சரி.

கம்பெனிக்காரர்கள் வந்தபோது ஊர்க்கணக்கு அவர்களுக்குத் தலைவலியாக இருந்தது. செங்கல்பட்டு ஜாகீரை 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற கம்பெனி அதிகாரி அளந்தார். 1792இல் பாராமகாலுக்குப் போன அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே வேலை பழகிய தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அடி போட்டார்கள். வயலுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு தீர்வை, தீர்வைக்கு ஒரு பட்டாதாரர். இந்தக் கட்டத்துக்குள் அடங்காத நிலத்துக்கு ஆங்கிலத்தில் சரியான பெயர் கிடைக்கவில்லை. கர்ணம் சொன்ன சொல்லையே ரோமன் எழுத்தில் ‘பொரம்போக்’ என்று எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்து அது சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் ஏறியது. 2011 ஜனவரி 28 அன்று, பஞ்சாபின் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாட்டின் பொதுநிலங்களுக்கு உள்ள பெயர்களை அடுக்கும்போது, தென்னிந்தியாவுக்கு மந்தைவெளியையும் புறம்போக்கையும் அது அப்படியே எழுதியிருக்கிறது. சென்னையில் பேருந்து நிறுத்தமாகவும் ரயில் நிலையமாகவும் மட்டும் தெரிகிற மந்தைவெளி, மாடு கூடும் பொதுநிலத்தின் பெயர் என்பதை டெல்லி நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

நம்மூர் வருவாய்க் கணக்கில் புறம்போக்கு என்பது ஒற்றை நிலமல்ல. ஏரி, குளம், குட்டை, ஊருணி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, களம், தோப்பு, வண்டிப்பாதை, நடைபாதை, மயானம், கல்லாங்குத்து. கலப்பை ஏறாத பாறை நிலத்துக்குக் ‘கல்லாங்குத்து’ என்று பெயர் வைத்தவனுக்கு நிலமும் தெரியும், தமிழும் தெரியும். இதோடு தரிசைக் குழப்பக் கூடாது. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று அது தனி இனம். நாளைக்கு ஒருவர் உழக்கூடிய நிலம் அது. புறம்போக்கு உழுவதற்கில்லை, ஏனென்றால் பெரும்பாலும் அது ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது.

இங்கேதான் கணக்கின் குருட்டுப் பார்வை தெரிகிறது. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று கட்டங்கள் போகும். புறம்போக்கு எண்ணுக்கு வந்தால் தீர்வைக் கட்டம் வெறுமையாக இருக்கும். அது ஏரியா, பாதையா, சுடுகாடா என்பது கடைசியில் குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல்லாக நிற்கும். ஊரே தண்ணீர் குடிக்கிற ஏரி, பதிவேட்டில் ஒரு குறிப்பு. குறிப்பைத் திருத்துவது ஏரியைத் தூர்ப்பதைவிடச் சுலபம். பெரும்பாலும் அதுதான் முதலில் நடக்கிறது. அதற்கு அலுவலகப் பெயர் ‘வகைபாடு மாற்றம்’.

இந்த நிலம் யாருடையது? 1905 வரை இந்தக் கேள்விக்கு நேரான சட்டப் பதில் இல்லை. அந்த ஆண்டு வந்த சென்னை மாகாண நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு பதில் சொன்னது: பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள், பாலங்கள், ஆறுகள், ஓடைகள், ஏரி குளங்கள், கடற்படுகை, வேறெவருக்கும் சொந்தமென்று காட்ட முடியாத எல்லா நிலமும் அரசின் சொத்து. தீர்வைக்குப் புறமாக இருந்தது ஒரே வரியில் சர்க்காருக்குச் சொந்தமானது. என்னைக் கேட்டால், இந்தச் சொல்லின் வரலாற்றில் நடந்த பெரிய திருப்பம் இதுதான். அதுவரை கணக்கில் சேராததால் ஊருக்கு உரியதாக இருந்த இடம், அதற்குப் பிறகு ஊர் உபயோகிக்க அரசு அனுமதிக்கிற இடம். கோயில் மனையும் குடியிருக்கும் வீட்டுமனையும் கொல்லைப்புறமும் மட்டும் அந்தப் பிரிவிலேயே விலக்குப் பெற்றன. கிராம நத்தம் அரசுக்குச் சொந்தமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான்.

அதே சட்டம் ஊர்ப் பேச்சுக்கு இன்னொரு சொல்லையும் கொடுத்தது: பி மெமோ. புறம்போக்கில் பயிர் வைத்தாலோ குடிசை போட்டாலோ கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எழுதுவார். தண்டத் தீர்வை கட்டச் சொல்லி மெமோ வரும். காலி செய்யச் சொல்வதென்றால் முதலில் 7ஆம் பிரிவு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவு நோட்டீஸ். இந்த ஒரு விஷயத்தில் ஏழு முந்தி, ஆறு பிந்தி. வேடிக்கை என்னவென்றால், அபராதம் கட்டிய ரசீதை மக்கள் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். ‘இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. குற்றத்துக்குப் போட்ட தண்டம் உரிமைக்கு ஆதாரமாயிற்று. அரசும் இதை உணர்ந்து, ஆட்சேபகரமான புறம்போக்கு, ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்று இரண்டாகப் பிரித்தது. நீர்நிலை, பாதை, மயானம், மேய்ச்சல் நிலம் முதல் வகை. இரண்டாம் வகையில் நெடுநாள் குடியிருப்பவருக்கு வீட்டுமனைப் பட்டா கிடைக்க வழியுண்டு. ஏழைக்கு மனை கொடுக்க இந்த வகைப் பிரிப்பு உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எது ஆட்சேபணையற்றது என்று தீர்மானிக்கிற இடம் கிராம சபை இல்லை.

ஊராட்சிக்கு அதிகாரமே இல்லையா என்றால், உண்டு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு இடுகாடு, மந்தை, வண்டிப்பாதை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் ஊராட்சியின் வசம் இருக்கும். அவற்றின் உபயோகத்தை ஊராட்சி ஒழுங்குபடுத்தலாம். ஆனால் அதே சட்டத்தில், ஊராட்சியைக் கலந்துகொண்டபின் எந்தப் புறம்போக்கையும் இதிலிருந்து விலக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. கலந்துகொள்வது வேறு, சம்மதம் கேட்பது வேறு. காவல் ஊராட்சிக்கு, சாவி கலெக்டருக்கு.

ஏரிக்கு வந்தால் இன்னும் சிக்கல். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள ஏரி நீர்வளத் துறையிடம். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஏரி நிலத்தின் கணக்கோ வருவாய்த் துறையிடம். மீன் பாசிக் குத்தகைக்கு ஒரு அலுவலகம், வண்டல் எடுக்க வேறொரு அலுவலகம். இத்தனை பேர் காவல் காத்தும் நீர்நிலைகளைக் காக்க 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் என்று தனியாக ஒன்று தேவைப்பட்டது.

சாலையில் வேறு கூத்து. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் ஆணையிட்டது. தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைக் காத்து, அவர்களுக்கு இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்லும் சட்டம் 2014இல் வந்தது. சட்டப்படி பார்த்தால் சிலைக்கு அங்கே இடமில்லை, இளநீர் வண்டிக்கு உண்டு. நடைமுறையில் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று செய்தி வந்தால் புல்டோசர் யார்மேல் ஏறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

புறம்போக்கின் பெரிய ஆக்கிரமிப்பாளர் யார் என்று பார்த்தால் குடிசைக்காரர் வரிசையில் மிகப் பின்னால் வருவார். மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வழியாக நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை உண்டாக்கியது அரசு. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’, நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ என்று தெருப்பலகைகள் மட்டும் இன்னும் உண்மை பேசுகின்றன. மதுரையில் 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரி என்னும் கண்மாயில்தான் நிற்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை அந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்துதான் விசாரிக்கிறார்கள்.

தென்சென்னையின் வெள்ளம் வடியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நெடுங்காலம் உதவாத நிலமாகவே நடத்தப்பட்டு, பெருங்குடிக் குப்பையைச் சுமந்தது. வடிகாலை அடைத்தால் என்ன ஆகும் என்று 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. 2022இல் அந்தச் சதுப்பின் 1,248 ஹெக்டேர் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கணக்கில் வராத நிலத்துக்குக் கடைசியில் சர்வதேசப் பட்டியலில் இடம் கிடைத்தது.

சொல்லுக்கும் அண்மையில் கொஞ்சம் மரியாதை திரும்பியிருக்கிறது. எஸ்.பி. ஜனநாதன் 2015இல் தன் படத்துக்கே ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’ என்று பெயர் வைத்தார். எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைச் சொல்லக் கபேர் வாசுகி எழுதிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ 2017இல் டி.எம். கிருஷ்ணாவின் குரலில் வெளிவந்தது. சபையில் ஒலிக்கும் குரலில் இந்தச் சொல் வந்ததற்கே சிலர் முகம் சுளித்தார்கள்.

புதுப் புறம்போக்கும் உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது. மனைப்பிரிவு போடுகிறவர் சாலைகளையும், பெரிய மனைப்பிரிவென்றால் பூங்காவுக்கென 10 விழுக்காட்டு நிலத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்த நிலம் பத்து வருடம் கழித்தும் பூங்காவாகத்தான் இருக்கிறதா என்று கேட்க ஆள் வேண்டும்.

‘அ’ பதிவேட்டின் விவரத்தைத் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர்ப் புறம்போக்கு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றும் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.