உவர்மலை ஏற்றத்தில் நின்றுபோன மின்பொறி

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் எனது மோட்டார் சைக்கிள் நின்றுபோனது. நாற்பது வயதை நெருங்கும் ஜப்பானிய வாகனம் அது. தாங்கியில் பெற்றோல் இருந்தது. பிளக் புதியது. உதைத்து உதைத்துக் கால் சோர்ந்ததுதான் மிச்சம். உள்துறைமுகம் இருக்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு இறங்கி, எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான கராஜ் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பிளக்கைக் கழற்றி எஞ்ஜினில் சாத்தி, ஒருமுறை உதைத்துப் பார்த்த மெக்கானிக் தலையை அசைத்தார். பொறி இல்லை. ஆசனத்தின் கீழிருந்த தீப்பெட்டி அளவான கறுப்புப் பெட்டியைச் சுட்டிக்காட்டினார்.

"சி.டி.ஐ. போயிட்டுது ஐயா. ஒறிஜினல் எண்டால் கொழும்பிலையும் எடுக்கேலாது. சைனாப் பெட்டி ஒண்டு போடலாம். இல்லாட்டிப் பழையபடி பொயின்ற் போட்டுத் தாறன். எது வேணும்?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. கிடைக்காத பாகத்துக்குப் பதிலாகக் கிடைப்பதை வைத்து மின்பொறியை உண்டாக்குவது எப்படி என்பது இத்துறைமுக மண்ணுக்குப் புதிய கேள்வி அன்று. உலகத்துக்கும் புதியதன்று. அதைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன்.

பெற்றோல் எஞ்ஜினில் காற்றும் எரிபொருளும் கலந்து அமுக்கப்படும்போது, சரியான கணத்தில் அதற்கு ஒரு மின்பொறி வேண்டும். இந்த எரிபற்றலை நம்பகமாக நிகழ்த்திக் காட்டியது, ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் இயங்கிய றொபேட் பொஷ் நிறுவனம். அங்கு பணியாற்றிய கொட்லொப் ஹொனோல்ட் 1902ஆம் ஆண்டு உயரழுத்த மக்னீற்றோவை உருவாக்கினார். அதற்குப் பற்றரி தேவையில்லை. எஞ்ஜின் சுழலும்போதே காந்தத்தின் துணையால் மின்சாரம் பிறந்துவிடும். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் மோட்டார் வாகனங்களும் ஆகாய விமானங்களும் பெருமளவில் அந்த ஜேர்மன் மக்னீற்றோவையே நம்பி ஓடலாயின.

1914இல் போர் மூண்டது. ஜேர்மனியிலிருந்து வந்த மக்னீற்றோ நின்றது. அன்றைய உலகின் மிகப் பெரிய பேரரசு, இரு கைகளுக்குள் அடங்கும் ஓர் உதிரிப்பாகத்துக்காகத் தவித்தது என்றால் இன்றைய வாசகர்கள் நம்பத் தயங்கக்கூடும். லூக்காஸ் நிறுவனம் தொம்சன்-பென்னற் என்ற சிறு மக்னீற்றோ நிறுவனத்தை அதே ஆண்டில் வாங்கியது. பிரிட்டிஷ் தொம்சன்-ஹூஸ்ரன் போன்ற வேறு நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்கின. பின்னாளில் நம் நாட்டுக்கு வந்த ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் 'லூக்காஸ்' என்ற பெயர் பொறித்த மக்னீற்றோவைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரின் எழுச்சியிலும் ஒரு தட்டுப்பாட்டுக்குப் பங்குண்டு.

திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபர் வரை இருந்தது. சீனன்குடாவில் அவர்கள் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் நடத்திய தாக்குதலில் தாங்கி ஒன்று எரிந்ததை நேரில் பார்த்த முதியவர்களோடு இளவயதில் நான் பேசியிருக்கிறேன். டொக்யார்ட் பட்டறைகளில் கடைசலும் பற்றவைப்பும் பழகிய உள்ளூர்வாசிகள், வெள்ளையர் போனபின் அந்தக் கைத்தொழிலைக் கொண்டே பிழைத்தார்கள். மேற்சொன்ன மெக்கானிக்கின் தகப்பனாரும் அவ்வாறு தொழில் பழகியவர் என்று அவர் சொல்லுவார்.

அந்தத் தலைமுறை அறிந்திருந்த எரிபற்றல், பொயின்ற் வகை. இரண்டு சிறு உலோக முனைகள் ஒட்டியிருக்கும்போது கொயிலில் மின்னோட்டம் பாயும். சுழலும் தண்டிலுள்ள மேடு தள்ளி அவற்றைப் பிரிக்கும் கணத்தில் பிளக்கில் பொறி பறக்கும். முனைகளுக்கு இடையிலான இடைவெளி சிறிய ஜப்பானிய எஞ்ஜின்களில் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். அளவுத்தகடு இல்லாத கராஜில் இதை எப்படி அளப்பார்கள்? சவர அலகு ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். மூன்று அல்லது நான்கு அலகுகளைச் சேர்த்துச் செருகிப் பார்த்தால் போதும். முனை கருகினால் அரத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். கொண்டென்சர் பழுதானால் வேறொரு வாகனத்தின் கொண்டென்சரைக் கட்டி ஓட்டலாம். அழகாக இராது, ஆனால் ஓடும்.

இதன் அருமை 1990இன் பின்னர்தான் புரிந்தது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும், அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குப் பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எனப் பலவும் தடைசெய்யப்பட்டன. யாழ்ப்பாணத்தின் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். திருகோணமலையின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை. இங்கே தடையின் எல்லை, குடாவின் குறுக்கே கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. நகரத்தில் எரிபொருள் நிலையம் திறந்திருக்கும். கொட்டியாரக்குடாவின் மறுகரையில், சம்பூர்ப் பக்கமும் ஈச்சிலம்பற்றுப் பக்கமும், போத்தலில் வைத்த பெற்றோலைத் துளித்துளியாகச் செலவழிப்பார்கள். எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பதும் அதே குடாவின் ஓரத்தில்தான் நின்றன.

மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதை அக்காலத்தையது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைப்பார்கள். எஞ்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் ஒழுங்கை முழுவதும் நிற்கும். இது நம்மவர்களின் தனிக் கண்டுபிடிப்பு என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் இதே முறையில் பெற்றோலில் கிளப்பி மலிவான எண்ணெயில் ஓடும் பேர்குசன் உழவு இயந்திரங்களை ஆங்கிலேய விவசாயிகள் 1949ஆம் ஆண்டளவிலேயே ஓட்டினார்கள். ஆனால் அந்த இயந்திரம் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. நம்மவர்களிடம் இருந்ததோ பெற்றோலுக்காகச் செய்த எஞ்ஜின்.

மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காமல் முன்கூட்டியே வெடிக்கும் தன்மையுடையது. எஞ்ஜின் 'டக், டக்' என்று தட்டும். நாளடைவில் பிஸ்ரன் பழுதாகும். அதைக் குறைக்க வேண்டுமாயின் பொறி சற்றுத் தாமதித்து விழவேண்டும். பொயின்ற் வகையில் அதற்குத் திருகாணி ஒன்றைத் தளர்த்தினால் போதும். முனைகளின் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தாலே பொறி பிந்தும். ஆகவே பழைய 6 வோல்ற் வாகனங்கள் அக்காலத்தில் திடீரென மதிப்புப் பெற்றன. பற்றரி செத்தாலும் காந்தச் சக்கரத்தின் மின்சாரத்தில் கிளம்பக்கூடிய வாகனம் வீட்டில் நிற்பது சிறு விடயமன்று. பாம்பு கடித்தவரையும் பிரசவ வலி கண்டவரையும் இரவில் ஏற்றிச் சென்றவை அவைதாம்.

2002 ஜனவரியில் தடைகள் பெரும்பாலும் நீங்கின. 2006இல் மூதூர் கிழக்கில் போர் திரும்பி வந்தது. சம்பூர் மக்கள் வீடுகளையும் வாகனங்களையும் விட்டுவிட்டு ஓடினார்கள். அவற்றுக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கு விரிக்கவில்லை. அது தனியாக எழுதவேண்டியது.

இனி அந்தக் கறுப்புப் பெட்டி. சி.டி.ஐ. எனப்படும் மின்னணு எரிபற்றலைப் பொதுமக்களுக்கான மோட்டார் சைக்கிள்களில் முதலில் கொண்டுவந்தவற்றுள் ஒன்று, 1969இல் வந்த கவாசாக்கி எச்1. பின்பு சிறிய வாகனங்களுக்கும் அது பரவியது. காந்தச் சக்கரத்தின் அருகிலுள்ள ஒரு கொயில் நூற்றுக்கணக்கான வோல்ற் அழுத்தத்தில் மின்சாரத்தை உண்டாக்கிக் கொள்ளளவி ஒன்றை நிரப்பும். மற்றொரு சிறு கொயில் சைகை அனுப்பியதும், சேர்ந்திருந்த மின்சாரம் முழுவதும் ஒரே வீச்சில் எரிபற்றற் கொயிலுக்குப் பாயும். தேயும் முனை இல்லை. அடிக்கடி சரிசெய்யும் வேலை இல்லை. மழையிலும் ஒரே உதையில் கிளம்பும். அமைதிக் காலத்தில் இதைவிடச் சிறந்தது வேறில்லை என்றே சொல்வேன். பழையதெல்லாம் பொன் என்று பேசுபவர்கள், மாரிகாலக் காலை ஆறு மணிக்குப் பொயின்ற் தேய்த்துப் பார்த்திராதவர்கள்.

ஆனால் அந்தப் பெட்டியின் உட்புறம் பிசின் ஊற்றி இறுக்கப்பட்டிருக்கும். பழுதானால் திறந்து திருத்த வழியில்லை. பெட்டி தப்பினாலும் திருகோணமலையின் உப்புக் காற்று இணைப்பு ஊசிகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை'யில் ஏற்றிக் கடலைக் கடந்த வாகனங்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

மலிவான சீனப் பெட்டிகள் இந்த இடத்தில்தான் நுழைந்தன. ஐந்து ஊசிகள் கொண்டவை, சிறிய ஸ்கூட்டர்களுக்காகச் செய்யப்பட்டவை. கம்பிகளை மாற்றிக் கோத்தால் பல பழைய வாகனங்களிலும் பொறி வந்துவிடும். இரண்டு இடங்களில் மட்டும் ஏமாறக்கூடாது. முதலாவது, கொயிலின் உயரழுத்தத்தில் இயங்கும் பெட்டி வேறு, பற்றரியின் 12 வோல்ற்றில் இயங்கும் பெட்டி வேறு. தோற்றத்தில் இரட்டையர் போலிருக்கும்; மாற்றிப் பூட்டினால் கருகும். இரண்டாவது, பொறி வருவதும் சரியான நேரத்தில் வருவதும் ஒன்றல்ல. முந்தி விழுந்தால் உதைகோல் திரும்பிக் காலை அடிக்கும். வேகத்தில் பிஸ்ரனை உருக்கும். பொயின்ற் போலத் திருகிச் சரிசெய்யவும் முடியாது. ஏனெனில் சைகைக் கொயில் பெரும்பாலும் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இந்தப் பெட்டிகளும் மலிவாக இருக்கவில்லை. அவ்வாண்டு எரிபொருள் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அதே 2022 ஜனவரியில்தான் சீனன்குடாத் தாங்கிகளை இந்திய நிறுவனத்தோடு இணைந்து மேம்படுத்தும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தாங்கிகளின் நிழலில் வரிசையில் நின்றவர்கள் சிரித்ததை நான் கேட்டேன். கராஜ்களின் மூலையில் எறியப்பட்டிருந்த பழைய காந்தச் சக்கரங்களும் பொயின்ற் தட்டுகளும் மீண்டும் துடைத்தெடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், புதிய வாகனத்தின் விலை எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரரின் கைக்கு எட்டுவதாக இல்லை.

எனது வாகனத்துக்கு மெக்கானிக் முதலில் சீனப் பெட்டியையே பூட்டினார். உடனே கிளம்பியது. ஆனால் நேரவிளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, சக்கரத்திலுள்ள 'எஃப்' குறி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பொறி முந்தி விழுந்தது. "ஓடும் ஐயா, ஆனா நான் தரமாட்டன்" என்று கழற்றிவிட்டார். பழைய எஞ்ஜின் ஒன்றிலிருந்து காந்தச் சக்கரத்தையும் கொயில் தட்டையும் பொயின்றோடு எடுத்தார். கிராங் தண்டின் முனைச் சரிவு பொருந்தியது எனது அதிர்ஷ்டம்.

அவரிடம் வேலை பழகும் பையனுக்கு வயது பத்தொன்பது இருக்கும். கணினி இணைத்துப் பழுது பார்க்கும் ஸ்கூட்டர்களில் கெட்டிக்காரன். பொயின்ற் தட்டை அவன் புதினமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மகனும் மருமகனும் கனடாவில் இருக்கும் மெக்கானிக், தாம் எழுந்து அவனைத் தமது இருக்கையில் அமர்த்தினார். அளவுத்தகடு மேசையில்தான் கிடந்தது. அவர் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. எதிர்க்கடைக்கு அவனை அனுப்பிச் சவர அலகுப் பொதி ஒன்று வாங்கிவரச் செய்தார்.

"நாலைச் சேர்த்துப் பிடி. இறுகவும் கூடாது, வழுக்கவும் கூடாது."

பையன் மூன்றுமுறை பிழைவிட்டான். நான்காம் முறை, ஒரே உதையில் கிளம்பியது.