கார்டா ஏரியின் இரண்டு காற்றுகள்

மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு சங்கத்தில் கேட்டார்கள். பம்பு, வால்வு பற்றி எழுதினால் என் வீட்டிலேயே படிக்க மாட்டார்கள். ஆகவே, வேலை நிமித்தமாக வட இத்தாலியில் இருந்தபோது பார்த்த ஒரு காற்றைப் பற்றி எழுதுகிறேன்.

கார்டா ஏரியின் ஆழம் 346 மீட்டர். வடக்கு முனையில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய இடத்தில், டோர்போலே என்ற சிற்றூர். கோடையில் அதிகாலை வடக்கிலிருந்து 'பெலேர்' வீசும். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து 'ஓரா'. ஸ்கூலில் படிச்ச கடற்காற்று, நிலக்காற்று சமாசாரம்தான். வெயிலில் மலைச்சரிவு சூடேறிக் காற்று மேலெழும்ப, தெற்கே சமவெளிக் காற்று அந்த இடத்தை நிரப்ப ஏரிமேல் ஓடி வருது. இடுக்கில் நுழையும்போது வேகம் கூடிடும். இரவில் மலை குளிர்ந்ததும் எல்லாம் தலைகீழ்.

1439-ல் மிலானோடு போரிட்ட வெனிஸ்காரர்கள், ஆதிஜே ஆற்றிலிருந்து போர்க்கலங்களை எருது பூட்டி மலைமேல் இழுத்து, டோர்போலேயில் இறக்கினார்கள். சரிவில் கலங்கள் உருண்டுவிடாமல் பாய் விரித்து, எதிரே வந்த ஓராவையே பிரேக்காக்கினார்களாம்! எனக்கு நம்பிக்கையில்லை. அது குளிர்காலம், வெயில் காயாமல் ஓரா ஏது? கயிறுதான் பிடித்திருக்கும்.

1786 செப்டம்பரில் ஜெர்மன் கவிஞர் கேத்தே விடிகாலையில் டோர்போலேயிலிருந்து படகேறினார். முதலில் சாதகமாக இருந்த காற்று திசைமாறி எதிர்க்க, மால்செசினேயில் ஒதுங்கினார். அங்கே பழைய கோட்டையைப் படம் வரைந்தவரை ஒற்றன் என்று ஊரார் பிடித்துக்கொண்டது தனிக்கதை.

மிதவைப் பலகையில் பாய்மரத்தை எப்பக்கமும் சாயும் மூட்டால் பொருத்தியது விண்ட்சர்ஃபிங். கலிபோர்னியாவின் ஜிம் டிரேக் (விமானப் பொறியாளர், நம்ம ஜாதி!), ஹாயில் ஷ்வைட்சர் இருவரும் 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1970-களில் ஐரோப்பாவே இதற்கு மயங்கியது. ஓரா வீசும் டோர்போலேக்கு யோகம் அடித்தது.

ஆனால் 1985-ல் பிரிட்டிஷ் மேல்முறையீட்டு நீதிமன்றம், அங்கே அந்தக் காப்புரிமை செல்லாது என்றுவிட்டது. 1958-லேயே பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயசுப் பையன் ஹேலிங் தீவில் இதே மாதிரி ஒன்றைச் செய்து ஓட்டியிருக்கிறான்! அமெரிக்காவில் நியூமன் டார்பி 1965-ல் தன் பாய்ப்பலகையைப் பற்றிப் பத்திரிகையிலேயே எழுதியிருந்தார். என்னைக் கேட்டால், மூவருக்கும் தனித்தனியாகத்தான் தோன்றியிருக்கும். ப்ராஜெக்ட் செய்யும் தம்பி, தங்கைகள் நோட்டில் தேதி போட்டு வைக்கவும்.

ஏரியின் வடபகுதியில், டிரென்டினோ எல்லைக்குள், சொந்த மோட்டார் படகுகளுக்கு அனுமதியில்லை. ஓரா எழும் நேரத்தில் கரையில் நின்றால், பாய்கள் படபடக்கிற சத்தம்தான் கேட்கும்.