அடிகுழாயும் ஒரு குருவின் நேர்மையும்

1854-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களின் இறுதி இரவு. இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் எனக் கற்றோரும் நம்பிய காலம் அது. மருத்துவர் ஜான் ஸ்நோவோ, பிராடு தெரு அடிகுழாயின் நீரே காரணம் என்றார். அவர் வேண்டியபடி செப்டம்பர் 8-இல் குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது.

அங்குப் பணியாற்றிய ஆங்கிலிக்கன் துணைக்குரு ஹென்றி ஒயிட்ஹெட் இதை ஏற்கவில்லை. ஸ்நோவின் கூற்றைப் பொய்யென நிறுவவே வீடு வீடாகச் சென்றார். இறந்தோர் யார், எந்நீரைப் பருகினர் எனப் பொறுமையுடன் கேட்டறிந்தார். அறிமுகமான ஆயனிடம் மக்கள் மனம் திறந்தனர். ஆனால் திரண்ட சான்றுகளோ ஸ்நோவின் பக்கமே நின்றன.

1855-இல் நோயின் தொடக்கத்தையும் அவரே கண்டார். 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை முதலில் நோயுற்றிருந்தது. அதன் துணிகளை அலசிய நீர் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டது. மூன்றடிக்கும் குறைவான தொலைவில் இருந்த கிணற்றுக்குள் அது கசிந்தது. கைப்பிடி அகற்றப்பட்ட அதே நாளில் குழந்தையின் தந்தையும் நோயில் விழுந்தார். குழாய் திறந்திருந்தால் மரணம் மீண்டும் வலம் வந்திருக்கும்.

தம் எண்ணம் தவறென உணர்ந்ததும் ஒயிட்ஹெட் அதை மறைக்கவில்லை, எழுத்தில் வெளியிட்டார். மனமாற்றத்தைப் பிறருக்குப் போதிப்பது எளிது. தாமே மாறுவது அரிது. இல்லம் சந்திக்கச் செல்லும் நாம் ஆறுதல் கூற மட்டுமா செல்கிறோம்? கேட்டுக் கற்கவும் செல்கிறோமா?