கடலுக்குள்ள ஒரு குழாய்

மார்கழி விடியக்காலையில எங்க கிணத்துல குதிச்சா தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். சித்திரை மத்தியானம் அதே தண்ணி ஜில்லுன்னு இருக்கும். தண்ணி பெருசா மாறலை, வெளிக்காத்துதான் மாறுது. இந்த மாதிரி சூட்டு வித்தியாசத்துல கரண்ட் எடுக்கலாம்னா சிரிப்பீங்க. ஆனா கடல்ல எடுத்துக் காட்டியிருக்காங்க.

சூடு குளிர்ந்த இடத்துக்குப் போகும்போதுதான் அதுகிட்ட வேலை வாங்க முடியும்னு 1824-லேயே சாடி கார்னோங்கிற பிரெஞ்சு இன்ஜினீயர் எழுதினார். அருவித் தண்ணி மாதிரிதான். உயரம் குறைஞ்சா பலனும் குறையும்.

1881-ல் தார்சொன்வால்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் கடலைக் காட்டினார். வெயில் நாட்டுக் கடல்ல மேல்தண்ணி 25 டிகிரிக்கு மேல இருக்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்துல 5 டிகிரி பக்கம்தான். மேல்தண்ணி சூட்டுல ஆவி உண்டாக்கி டர்பைனைச் சுத்தலாம், ஆழத்துத் தண்ணியை வெச்சு அந்த ஆவியைக் குளிர வைக்கலாம்னார்.

செஞ்சு பார்த்தவர் ஜார்ஜ் குளோத். நியான் விளக்கு கொண்டுவந்தவர். காத்தை உறிஞ்சி எடுத்துட்டா கடல்தண்ணியே அந்தச் சூட்டுல கொதிக்கும், வேற திரவம் எதுக்குன்னு கேட்டார். கியூபாவுல மாதான்சாஸ் விரிகுடாவுக்குப் போய்த் தன் கைக்காசைக் கொட்டினார். ரெண்டு குழாய் கடலோட போச்சு. மூணாவதா 2 கிலோமீட்டர் அளவுக்கு நீளமான குழாயை இறக்கி, 1930-ல் 22 கிலோவாட் எடுத்தார். நம்ம 5 எச்.பி. மோட்டார் ஆறு ஓடுற அளவு. ஆனா தண்ணியை ஏத்தவும் காத்தை உறிஞ்சவும் அதைவிட அதிகமா கரண்ட் செலவாச்சு.

எனக்கு இது புதுசு இல்லை. ஒரு வறட்சி வருஷம் டீசல் இன்ஜின் வெச்சுத் தண்ணி இறைச்சு வாழையைக் காப்பாத்தினேன். தார் வித்த காசு டீசல் கடனுக்கே சரியாப் போச்சு. வாழை விளையலைன்னு யாரும் சொல்ல முடியாது.

குளோத் மேலயும் தப்பில்லை. 27 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் நடுவுல, குறையே இல்லாத இயந்திரம் ஓடினாலும் நூத்துல ஏழு பங்கு கூடத் தேறாது. அதனால ஏராளமான தண்ணியை ஏத்தி இறக்கணும். அதுக்குப் பெரிய குழாய் வேணும்.

நம்ம தூத்துக்குடிக் கடல்லயும் இது நடந்தது. 2000-க்கு அப்புறம் சென்னையில இருக்கிற தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், 'சாகர் சக்தி'ங்கிற மிதவை மேல 1 மெகாவாட் நிலையம் கட்டுச்சு. ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயை இறக்கும்போது அது கடலோட போயிடுச்சு. அதே குளோத் கதை.

ஆனா அவங்க அத்தோட விடலை. ஆவியான கடல்தண்ணியில உப்பு இருக்காது. அதைக் குளிர வெச்சா நல்ல தண்ணி. குளோத் ஏற்பாட்டுல டர்பைனை மட்டும் எடுத்துட்டா அதுதான். 2005-ல் லட்சத்தீவுல, கவரத்தியில அப்படி ஒரு நிலையம் வந்துச்சு. நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். இதுக்கும் கரண்ட் செலவுதான். ஆனா சுத்தி உப்புத்தண்ணி இருக்கிற தீவுல அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கு.

மார்கழியில ஊர்ப்பக்கம் வந்தா விடியக்காலையில கிணத்துக்கு வாங்க. குதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.